மாட்டிக்கொண்ட கேசட்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் ஏழு பேர். ஆறு பேர் கத்துவார்கள். ஏழாவது ஆளுக்குப் பொறுமை மாஸ்டர் என்று பெயர். கிளட்சுக்குப் பதிலாகப் பிரேக்கை மிதிப்பவர்கள், ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு முன்னால் பார்க்கிறவர்கள், நாற்சந்தியில் வண்டி நின்றுபோனால் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுகிறவர்கள், இப்படி மற்ற ஆறு பேரிடமும் திட்டு வாங்கி நொந்தவர்கள் எல்லோரும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேருவார்கள். "பரவால்ல, திரும்ப எடுங்க" என்பார். நாற்பதாவது தடவையும் அதே குரலில் அதையே சொல்வார்.

அந்தப் பொறுமை தன் பிறவிக் குணம் என்று அவர் நம்பியிருந்தார். அதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவருடைய சொந்த அக்கா மட்டும் அதை நம்பவில்லை. ஷூ கயிறு அவிழவில்லை என்று ஷூவையே கடித்த பையன் எந்த வயதில் பொறுமைசாலி ஆனான் என்று கேட்பாள்.

மாஸ்டருக்கு வாழ்க்கையில் எரிச்சல் என்று ஒன்று இருந்தால் அது காரில் மாட்டிக்கொண்ட கேசட்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பல் டாக்டரிடம் வாங்கிய பழைய கார் அது. வாங்கும்போதே கேசட் உள்ளே இருந்தது. வெளியே தள்ளும் பொத்தானை அமுக்கினார். பொத்தான் உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது. அணைக்கும் பொத்தான் அதற்கு முன்பே செத்திருந்தது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். பாட்டு நின்றது, கூடவே ஹாரனும் இண்டிகேட்டரும் நின்றன. ஹாரன் இல்லாமல் ஓட்டுநர் பள்ளி நடத்த முடியுமா? ஃபியூஸைத் திரும்பச் செருகினார். அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்புகிறதோ இல்லையோ, பாட்டு கிளம்பிவிடும். ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். வேறு எந்தக் கேசட்டாக இருந்தாலும் இரண்டே வருடத்தில் சிக்கிக் கிழிந்திருக்கும். இது தேய்ந்தது, மங்கியது, கிழிய மட்டும் மாட்டேன் என்றது.

பாட்டெல்லாம் அமெரிக்கப் பாட்டு. எழுபதுகளிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ வந்தவை, மொத்தம் பன்னிரண்டு. யாரும் கத்துவதில்லை, யாருக்கும் அவசரமில்லை. எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி வழவழவென்று ஒரு குரல். அதற்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்து "ஊ" என்பார்கள். சிணுங்குகிற ஒரு மின்சாரப் பியானோ. மூன்றாவது நிமிடம் ஆனதும் ஒரு சாக்ஸஃபோன் வந்து மூக்கைச் சிந்தும். மாஸ்டருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் பன்னிரண்டு வருடம் கேட்டதில் விஷயம் பிடிபட்டிருந்தது. ஒருவன் படகில் போகிறான். ஒருவன் மழையில் நிற்கிறான். ஒருவன் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று பேரையும் பெண்கள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று பேரும் கோபப்படாமல் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாடினவர்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு வகுப்பு. எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்போம் என்று யோசித்தாலே அவருக்குப் பல் கூசும்.

ஐம்பத்திரண்டு வயதில் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்ததற்குக் காரணம் அவளுடைய முழங்கால்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக வார்டு நர்ஸ். ராப்பகலாக நின்று நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி ஒரு புதுப் பிரிவு தொடங்கியது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். பகல் வேலை மட்டும்தான், ஓட்டிப்போகச் சின்னக் காரும் தருவார்கள். பட்டியலில் அக்காவின் பெயர் முதலாவதாக இருந்தது. ஒரே நிபந்தனை, அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா ஓய்வு பெறும்வரை வார்டிலேயே நிற்க வேண்டியதுதான். தேர்வுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு தேதி, ஐந்து வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை.

மற்ற மாணவர்களைவிட அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். கண்ணாடியைப் பார் என்றால், உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான், எனக்கு நீ கண்ணாடி பார்க்கச் சொல்லித் தருகிறாயா என்பாள். இடது பக்கம் திரும்பு என்றால், ஏன் என்று கேட்பாள். ஆனாலும் கை நிதானமான கை. ஊசி போட்டுப் பழகிய கை. முதல் வாரக் கடைசியிலேயே, தேர்வில் ஏறிக் காட்ட வேண்டிய தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டியைப் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் திரும்ப எடுத்துவிட்டாள். பல பேருக்கு ஒரு மாதம் பிடிக்கும் வேலை அது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

அக்காவின் ஒரே புகார் கேசட்தான். ஒவ்வொரு நாளும் காரிலிருந்து இறங்கும்போது அதைத் திட்டிவிட்டுத்தான் இறங்குவாள். பன்னிரண்டு பாட்டிலும் ஒரே ஆம்பளை ஒரே விஷயத்துக்கு மூக்கால் அழுகிறான், வார்டில் கேட்கும் முனகல் போதாதென்று இங்கேயும் முனகலா என்றாள். இது மட்டும் இல்லையென்றால் பாதி நாளில் கற்றுக்கொண்டுவிடுவேன் என்றும் சொன்னாள்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. பன்னிரண்டு வருடமாகக் காரை ஒரு நாள் சும்மா நிறுத்த மனம் வராமல் அந்தச் சித்திரவதையைப் பொறுத்துக்கொண்டிருந்தவர், அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காரைக் கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டார். அந்த எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபியூஸ் ஒரு குறட்டால் பிடித்து இழுத்தான். டெக் வந்தது, அதன் வாயிலிருந்து கேசட் வந்தது, கேசட்டின் வயிற்றிலிருந்து பழுப்பு நிற நாடா குடல் குடலாக வந்தது. ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் தனி வயர் இழுத்து, ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடினான். திரும்பி வரும்போது காருக்குள் இருந்த அமைதியைக் கேட்டு மாஸ்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை திங்கட்கிழமை காலையில் தொடங்கியது.

முதலில் அவருக்குப் புரிந்தது, இந்த வண்டியில் இவ்வளவு சத்தங்கள் இருக்கின்றன என்பது. கியர் கரகரவென்று உரசுகிறது. மாணவர் பெருமூச்சு விடுகிறார். கிளட்சை வெடுக்கென்று விட்டதும் எஞ்சின் இருமிச் சாகிறது. ஒவ்வொரு தப்பும் ஊசி குத்துகிற மாதிரி காதில் ஏறியது. பாட்டு இருந்தவரை இதெல்லாம் அதற்கு அடியில் எங்கோ நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை இரண்டு தடவை சலிப்போடு உச்சுக்கொட்டினார். செவ்வாய்க்கிழமை "எத்தனை தடவை சொல்றது" என்றார். புதன்கிழமை, ஆறு வாரமாகத் தன்னிடம் கற்றுக்கொண்டிருந்த தையல்காரம்மாவிடம் குரலை உயர்த்திவிட்டார். அந்த அம்மா அன்று வண்டியை அணைத்தது ஐந்து தடவை. ஐந்தாவது தடவை அவர் குரல் வெளியே நடந்துபோனவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அடுத்த வாரம் தையல்காரம்மா தேர்வில் மேட்டிலேயே தோற்றாள். அவளுக்கு மறுநாள் தேர்வுக்குப் போன இன்னொருவரும் அதே மேட்டில் தோற்றார். மூன்றாவது ஆள் தேர்வுவரைக்கும் இருக்கவில்லை. எங்கே போனாலும் கத்துவார்கள் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடமே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுமை மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஜனங்களுக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்தார்.

அக்காவின் ஓட்டமும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். முதல் வாரத்தில் ஏறின மேட்டில் மூன்றாவது வாரம் வண்டி ஏற மறுத்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் பதினாறே நாள். அன்றைக்கு அக்கா மேட்டின் பாதியில் நிறுத்தினாள், எடுத்தாள், அணைந்தது. மறுபடி எடுத்தாள், அணைந்தது. பின்னால் நாலு வண்டி நின்று ஹாரன் அடித்தன. மூன்றாவது தடவையும் கார் ஒரு குதி குதித்து நின்றபோது, மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். உள்ளங்கையால் டாஷ்போர்டை அறைந்தார். கிளட்ச் கிளட்ச் என்று தொண்டை கிழியக் கத்தினார். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய், மூளையை எங்கே அடகு வைத்தாய் என்று கேட்டார். இன்னும் என்னவோ சொன்னார். சொல்லும்போதே அவை தன் வார்த்தைகள் இல்லை, எங்கோ கேட்ட வார்த்தைகள் என்று அவருக்கே தோன்றியது.

அக்கா கை பிரேக்கை இழுத்தாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எஞ்சினை அணைத்து, சாவியை உருவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே செய்தாள்.

"அப்பா கார்ல பின் சீட்ல நீயும் நானும் உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "அம்மா எத்தனை நாள் ஓட்டக் கத்துக்கிட்டா?"

மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது.

"நாலு நாள். அஞ்சாவது நாள் தலைவலின்னா. அப்புறம் சாகறவரைக்கும் ஸ்டியரிங்க தொடல. டாஷ்போர்டை அப்பா இப்படித்தான் அடிப்பாரு. இதே கையால."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்து ஒரு கையைக் காட்டிவிட்டு, வலிக்கிற முழங்கால்களோடு மேட்டிலிருந்து இறங்கி நடந்தாள். மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஏழு வயதில் பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு, நான் பெரியவனானால் கத்தவே மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னது அவர்தான். அவள் அதை மறந்திருக்க மாட்டாள் என்பதுதான் அதிகமாகக் குத்தியது.

அக்கா ஃபோனை எடுக்கவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கும் வரவில்லை.

மூன்றாவது நாள் தையல்காரம்மா வந்தாள், இன்னொரு தடவை தேர்வுக்குப் போய்ப் பார்க்க. வண்டியில் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். அந்தப் பாட்டு ஓடும்போது கிளட்சை எப்போது விடுவது என்று அவள் யோசித்ததே இல்லையாம். தாளம் நாலு தட்டு தட்டும், அந்த நாலு தட்டுக்குள் கால் தானாக மேலே வருமாம், தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி. இப்போது எதை வைத்து விடுவது என்றே தெரியவில்லை என்றாள்.

"அதோட, தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். அந்தப் பாட்டு இருந்தப்போ நீங்களும் வேற ஆளா இருந்தீங்க."

மாஸ்டருக்குச் சுரீர் என்றது. அப்படியானால் பன்னிரண்டு வருடமாக ஊர் மெச்சிய பொறுமை யாருடையது? தான் ஒரு மனிதர், தனக்கென்று ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த நாடாவா? இருந்தபோது காதைக் கெடுத்தது, போனபிறகு பிழைப்பைக் கெடுக்கிறது. இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பது இதற்குத்தான் சரி. வகுப்பு முடிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபியூஸிடம் போனார்.

ஃபியூஸ் அவரைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினான். அங்கே ஒரு கொய்யா மரம். மரம் முழுக்கப் பழுப்பு நாடா கிளைக்குக் கிளை கட்டப்பட்டுக் காற்றில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. பறவை ஒன்றுகூட இப்போது பழத்தைத் தொடுவதில்லையாம். இதைவிட நல்ல கேசட் உலகத்தில் இல்லை என்றான். படகுக்காரனும் மழைக்காரனும் ஃபோன்காரனும் மரத்தில் ஆடிக்கொண்டிருப்பதை மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். ஃபியூஸைத் திட்ட வாயெடுத்து, தான்தானே காரைக் கொண்டுவந்து விட்டோம் என்று நினைத்து மூடிக்கொண்டார்.

மிச்சமிருந்த வழி பல் டாக்டர்தான். டாக்டருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. மகன் வீட்டு மாடியில், ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். பழைய கார் இன்னும் ஓடுகிறது என்று கேட்டதும் ஆச்சரியப்பட்டார். கேசட் பன்னிரண்டு வருடம் ஓடியது என்று கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். இதற்கு சாஃப்ட் ராக் என்று பெயர், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ரேடியோவைத் திருப்பினால் இதுதான், தன்னிடம் இருந்த ரெக்கார்டுகளிலிருந்து கிளினிக்கில் போடுவதற்காகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் பதிந்தது என்று விளக்கினார். ரெக்கார்டெல்லாம் வீடு மாறியபோது போய்விட்டதாம். ஆனால் வரிசை மனப்பாடம்.

நோயாளிகள் பயப்படாமல் இருப்பதற்காகத்தானே கிளினிக்கில் போட்டீர்கள் என்று மாஸ்டர் கேட்டார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க" என்றார் டாக்டர். "அது எனக்குப்பா. வாயத் திறன்னா மூடறாங்க, மூடுன்னா திறக்கறாங்க. நான் பயங்கரமாக் கத்துவேன். ஒரு சின்னப் பொண்ணு நாற்காலியிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. அன்னிக்குத்தான் பதிஞ்சேன்."

பாட்டுப் பெயர்களை எழுதித் தர முடியுமா என்று மாஸ்டர் கேட்டார். டாக்டர் பழைய மருந்துச் சீட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தார், பன்னிரண்டு பாட்டையும் பாடியவர்களையும் மடமடவென்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். மாஸ்டர் தெருவுக்கு வந்து விரித்துப் பார்த்தார். எறும்பு மையில் விழுந்து தாள்மேல் ஓடியது மாதிரி இருந்தது. திருப்பிப் பிடித்தும் பார்த்தார். மேலே ஏறி இன்னொரு தடவை கேட்கலாம் என்றால் டாக்டர் தூங்கப் போய்விட்டதாக மருமகள் சொன்னாள். டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அவருக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள்தான் பேசுவதில்லை. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா பகல் ஷிஃப்டில் இருந்தாள். வார்டு வாசல் மேஜையில் சின்னச் சின்னக் கப்புகளில் மாத்திரை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் இறுகியது. அவர் சீட்டை நீட்டினார். இருபத்தெட்டு வருடப் பழக்கம், யார் சீட்டை நீட்டினாலும் அந்தக் கை வாங்கிவிடும். வாங்கிப் படித்தாள். முதல் வரியில் புருவம் சுருங்கியது. இரண்டாவது வரியில் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

"எத்தனை வேளை?"

"வண்டியில உக்கார்ற ஒவ்வொரு வேளையும்" என்றார் மாஸ்டர். பிறகு, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த பேச்சை விட்டுவிட்டு, "நான் அப்பா மாதிரி கத்தினேன் அக்கா. தப்பு. எனக்குப் பொறுமையெல்லாம் கிடையாது. அந்தப் பாட்டுக்குத்தான் இருந்திருக்கு" என்றார்.

அக்கா அந்தக் கப்புக்கு மாத்திரைகளை எண்ணிப் போட்டு முடித்தாள். பிறகு இன்னொரு தாளை எடுத்து, நோயாளி அட்டையில் எழுதுகிற குண்டு குண்டான எழுத்தில் பன்னிரண்டு வரியையும் பெயர்த்து எழுதினாள். ஏழாவது பாட்டு படகா மழையா என்று கேட்டாள். ஃபோன் என்றார் மாஸ்டர். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சனிக்கிழமை வருகிறேன், ஒரு தடவை குரல் உயர்ந்தால்கூட இறங்கிப் போய்விடுவேன் என்றாள்.

மாஸ்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே காரை ஓரமாக நிறுத்தி, பெயர்களைச் செல்ஃபோனில் ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் இருந்தன. பன்னிரண்டு வருடம் அவர் வெறுத்த ஒவ்வொன்றையும் உலகத்தில் லட்சக்கணக்கான பேர் வேலை மெனக்கெட்டுத் தேடிக் கேட்டிருந்தார்கள். வரும் வழியில் வாங்கியிருந்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றை டாஷ்போர்டில் வைத்துப் படகுப் பாட்டைப் போட்டார். ஆரம்பித்ததும் இது வேறு பாட்டு என்று நினைத்தார். தேய்ந்துபோன நாடாவில் இல்லாதது எல்லாம் இதில் இருந்தது. அடியில் ஒரு பேஸ் கிதார் யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பின்னால் "ஊ" என்பவர்களில் ஒருவர் பெண். பன்னிரண்டு வருடம் அது அவருக்குத் தெரியாது. விட்டுப்போன பெண் போகவே இல்லையோ, பின்னாலேயே நின்று கூடப் பாடிக்கொண்டிருந்தாளோ என்று தோன்றியது. சாக்ஸஃபோன் வந்தது. அது எங்கே மூச்சு வாங்கும், எங்கே வழுக்கும் என்று ஒன்றுவிடாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் பெரிய எரிச்சல்.

அடுத்த பன்னிரண்டு நாளும் பழைய குருடி கதவைத் திறடி என்று கார் பழையபடி ஓடியது. அக்கா பாட்டைத் திட்டினாள், திட்டிக்கொண்டே மேட்டில் ஏறினாள். நாலு தட்டுக்கு ஒரு கிளட்ச் என்று தையல்காரம்மாவின் கணக்கை மாஸ்டர் அவளுக்குச் சொன்னார். பல் மருத்துவமும் தையலும் சேர்ந்து என் தம்பியை வாத்தியார் ஆக்கியிருக்கின்றன என்றாள். இரண்டு தடவை அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு தடவையும் மழைக்காரன் குறுக்கே வந்து ஏதோ நன்றி சொன்னான், அவர் அடக்கிக்கொண்டார்.

ஆழம் பார்க்காமல் காலை விட்டிருக்கிறோம் என்பது வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது. தேர்வு அதிகாரி காரில் ஏறியதும் டாஷ்போர்டைப் பார்த்தார், ஸ்பீக்கரை எடுத்து ஜன்னல் வழியாக மாஸ்டரிடம் நீட்டினார். தேர்வில் பாட்டு கூடாது. பன்னிரண்டு வருடமாகத் தேர்வுக்கு ஆள் அனுப்பும் மாஸ்டருக்கு இது தெரியாததல்ல. பழைய டெக் இருந்த நாளில், அதை நிறுத்த முடியாது என்று எந்த அதிகாரியும் சலித்துக்கொண்டு விட்டுவிடுவார். அந்தச் சலுகை நாடாவோடு கொய்யா மரத்துக்குப் போய்விட்டது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கொட்டகையில் போய் நின்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், போனாள்.

கொட்டகையிலிருந்து மேடு மட்டும் தெரியும். மேட்டில் ஒரு தடவை அணைந்தால் மன்னிப்பு உண்டு. இரண்டாவது தடவை அணைந்தால் அதோடு சரி. கார் மேட்டுக்கு வந்தது, பாதியில் நின்றது. எடுத்தது. ஒரு குதி குதித்து அணைந்தது. இருபத்தெட்டு வருடம் நின்ற கால்கள் இன்னும் எட்டு வருடம் நிற்கப்போவது அவருக்குக் கண்முன் தெரிந்தது. கார் அசையவில்லை. யாரோ தூங்கிவிட்ட மாதிரி அவ்வளவு நேரம் அசையவில்லை. கொட்டகையில் இருந்த மற்ற மாஸ்டர்கள் ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையில் செல்ஃபோன் சின்னதாகப் படகுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எப்போது அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. பிறகு கார் மெதுவாக, வெண்ணெய் உருகுவது மாதிரி, மேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் மறைந்தது.

அரை மணி நேரம் கழித்து அக்கா தாளோடு வந்தாள். பாஸ். சிரிக்கவில்லை, தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன் என்று சாவியைக் காட்டினாள்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் கேட்டார், மேட்டில் ஏன் அவ்வளவு நேரம் நின்றாய் என்று.

"பாட்டை எடுத்ததும் ஒரே அமைதி" என்றாள் அக்கா. "அதுல முதல்ல கேட்டது உன் சத்தம். கிளட்ச் கிளட்ச்னு. அப்பா சத்தமா உன் சத்தமான்னு தெரியல. அணைஞ்சுபோச்சு. அப்புறம் அது அடங்கற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். படகுக்காரன் வந்தான். எடுத்தேன்."

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பா கார்ல ஒரு ரேடியோகூட இல்ல, கவனிச்சிருக்கியா?" என்றாள் அக்கா.

அவர் தலையசைத்தார். பாட்டைப் போடு என்றாள். கொட்டகையில் போட்டுப் போட்டு செல்ஃபோன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. அதைச் சொல்ல வாய் வருவதற்குள் அக்கா தெருமுனையில் திரும்பினாள். அகலமாகத் திரும்பினாள். இரண்டாவது கியரிலேயே, இண்டிகேட்டர் போடாமல், நேராக நடைபாதையில் இருந்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியைப் பார்த்துத் திரும்பினாள். மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போனது. கை டாஷ்போர்டுக்கு மேல் ஓங்கியது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து வந்தது படகுப் பாட்டு. அரைகுறை ஆங்கிலத்தில், வார்த்தை தெரியாத இடங்களில் "ஊ" போட்டு, ஓங்கின கையால் டாஷ்போர்டில் நாலு தட்டு தட்டிக்கொண்டு பாடினார். குரல் ஓட்டைப் பானையைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. நாலாவது தட்டில் அக்கா ஸ்டியரிங்கை ஒடித்தாள். தொட்டி கண்ணாடிக்கு ஒரு விரல் இடைவெளியில் பின்னால் போனது.

"இதுக்கு நீ கத்தியே இருக்கலாம்" என்றாள் அக்கா.

ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. சாக்ஸஃபோன் வருகிற இடம் வந்ததும், கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல், அதை அவளே மூக்கால் பாடினாள்.